பெரிய துரைக்குக் காட்டாத நீலக்கொடி

போன வருஷம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பழைய ஓடுபாதையில் நெல்லைப் பரப்பிக் காலால் கிண்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "இந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடந்தது" என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "மாத்தயா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். வெயிலில் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான் பஸ் டிப்போவில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு என் பஸ் எஞ்சின் அனுபவத்தில் ஒரு அக்கறையும் கிடையாது. "அங்கிள், நீங்க ரேஸ்ல இருந்தீங்களாமே?" என்றுதான் கேட்கிறார்கள். நான் கார் ஓட்டியதாக நினைக்கிறார்கள். ஓட்டவில்லை, கொடி பிடித்தேன். அதையும் ஒரு தடவை ஒழுங்காகப் பிடிக்காமல், ஒரு மனிதரின் வேலைக்கும் வீட்டுக்கும் உலை வைக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். எஞ்சினைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் டிப்போவுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

1. பிளேன் வராத பிளேன் பிட்டிய

கண்டியில் பஸ் ஏறி, மகாவலியைத் தாண்டிக் கிழக்கே முக்கால் மணி நேரம் போனால் மலைகளுக்கு நடுவில் ஒரு சமதரை வரும். யுத்த காலத்தில் பெரிய பெரிய வெள்ளைக்கார ஆபீசர்கள் பேராதனைப் பக்கம் வந்து தங்கியிருந்தபோது, அவர்கள் வந்து இறங்க ஓர் ஓடுபாதை வேண்டும் என்று யாரோ முடிவு செய்தார்கள். வயலைத் தூர்த்துக் கல் போட்டுத் தார் ஊற்றினார்கள். மொத்தமே நாலைந்து பிளேன்தான் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதில் ஒன்று மழை நாளில் பாதையை விட்டு இறங்கிச் சேற்றில் புதைந்துபோய், இரண்டு சோடி எருமை கட்டி இழுத்தார்களாம். ராஜாவின் விமானத்தை எருமை இழுத்த இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று அங்கே இருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் பெருமையடிப்பார். உண்மையா பொய்யா எனக்குத் தெரியாது. எருமைகளையும் சேற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்த பிறகு, அங்கே மிஞ்சியது இரண்டு தகரக் கொட்டகையும் கொஞ்சம் தார்ப் பீப்பாக்களும்தான். ஊர் ஜனங்கள் மிளகாய் காயப்போட்டார்கள். மாடுகள் சாயங்காலச் சூட்டுக்குத் தாரில் வந்து படுத்துக்கொண்டன. சிங்களத்தில் பிட்டிய என்றால் மைதானம். பிளேன் வராத அந்த மைதானத்துக்குப் பிளேன் பிட்டிய என்று பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு அதைத் தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த துரைமார் கண்டுபிடித்தார்கள். தோட்டத்து ரோட்டில் வாரம் முழுக்க இரண்டாம் கியரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது நாலாம் கியர் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஒரு கிளப் தொடங்கினார்கள். ஓடுபாதையில் நேராகப் போய், கோடியில் பீப்பாவைச் சுற்றி, பிளேன்களைக் கொட்டகைக்குக் கொண்டுபோகப் போட்டிருந்த சின்னப் பாதை வழியாகத் திரும்பி வந்தால் ஒரு சுற்று. வளைவுகளுக்கெல்லாம் தங்கள் பெயரையே வைத்துப் பலகை அடித்தார்கள். நாங்கள் பீப்பா வளைவு, கொட்டகை வளைவு, எருமை வளைவு என்றே சொன்னோம். எருமை வளைவுக்குப் பக்கத்தில் சேற்றுக்குட்டை ஒன்று இருந்தது. ரேஸ் நாளிலும் எருமைகள் அங்கே வருவதை நிறுத்தவில்லை.

2. ஹமீது நானாவின் கராஜ்

கட்டுகஸ்தோட்டை ரோட்டில் இருந்த ஹமீது நானாவின் கராஜில் அப்போது நான் மெக்கானிக். எனக்கு இருபத்தெட்டு வயது. மஹய்யாவையில் குடியிருப்பு, கல்யாணமாகி ஒரு குழந்தை, வாய் மட்டும் ஏழு ஊருக்கு. நானா நல்ல மனிதர். தொழுகைக்குப் போகும்போதுகூடக் காதை எஞ்சினிடம் விட்டுவிட்டுத்தான் போவார். திரும்பி வந்ததும், "ராசு, மூணாவது பிளக் மிஸ்ஸாகுது, பாக்கல்லயா?" என்பார்.

ரேஸ் நாளில் உடைந்த காரை இழுப்பதும் திருத்துவதும் எங்கள் கராஜின் கொந்தராத்து, அதாவது ஒப்பந்த வேலை. நானாவுக்கு ரேஸ் என்றாலே சிரிப்பு. "இந்தத் தொரமாருக்கு வேற வேல இல்ல வாப்பா. அவங்க ஒடைக்கிற, நாங்க திருத்துற. அல்லாஹ் நமக்குச் சோறு தர்ற வழி இப்பிடியும் ஈக்கி" என்பார்.

வளைவுகளில் வெயிலில் நின்று கொடி காட்ட டவுனில் ஆள் கிடைக்கவில்லை. அதற்கென்ன என்று துரைமார் தங்கள் தோட்டத்து ஆட்களையே லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். வருகிறவர்களுக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும், அதாவது தோட்டத்தில் அன்று வேலை செய்ததாகப் பதிவார்கள். இவர்களுக்குக் கொடி சொல்லிக்கொடுத்து மேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் ஹமீது நானா என்னைத் தள்ளிவிட்டார். அப்படித்தான் நான் கொடி மேஸ்திரி ஆனேன்.

3. கொடிப் பாடம்

முதல் நாள் பத்துப் பேர் வந்தார்கள். எல்லாரும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் கருப்பையா. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் ஆட்களுக்குக் கவ்வாத்துக் கங்காணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஐந்து பிள்ளைகள். தோட்டத்து மனேஜரான பெரிய துரை பழசாகிவிட்டதென்று கழித்துவிட்ட கட்டம்போட்ட கோட்டு ஒன்றை வேட்டிக்கு மேல் மாட்டியிருந்தார். முழங்கையில் தோல் ஒட்டு வைத்த கோட்டு. எந்த வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார்.

கொடிகளை விரித்துப் பாடத்தைத் தொடங்கினேன். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, மெதுவாகப் போ. சிவப்பு என்றால் நில். நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமாக ஒருவன் வருகிறான், ஒதுங்கி வழி விடு.

கருப்பையா கையைத் தூக்கினார். "தம்பி, அந்த நீலத்த இன்னொருக்கா சொல்லுங்க. பின்னால வர்றது சின்னதொர, முன்னால போறது பெரியதொர. அப்ப யாருக்குக் காட்டுறது?"

"பெரியதொரைக்குத்தான்."

"வழிய விட்டு ஒதுங்குன்னா?"

"ஆமாண்ணே. கொடிக்குத் தொரையெல்லாம் தெரியாது."

"கொடிக்குத் தெரியாதுங்க. தொரைக்குக் கருப்பையாவத் தெரியுமே" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரையின் கார் வருகிற சத்தம் கேட்டால், ரோட்டில் போகிறவர்கள் ஓரத்துக் காணுக்குள், அதாவது வடிகாலுக்குள், இறங்கிவிட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். கார் போய்த் தூசி அடங்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். மழை பெய்தாலும் இதுதான். யாரும் இதைச் சட்டமாக எழுதிவைக்கவில்லை. குழந்தை நடக்கப் பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

முதல் பயிற்சி ஓட்டத்தில் ஏழெட்டுக் கார்கள் இரைந்துகொண்டு வந்தன. பத்துக் கொடிக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் பாதையை விட்டு இறங்கி, கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சலாம் போட்டு நின்றார்கள். கார்களெல்லாம் போன பிறகு கருப்பையா மெதுவாகத் தலையைத் தூக்கி, "இப்பக் காட்டட்டுங்களா?" என்று கேட்டார். ஹமீது நானா இழுவை லொறியின் மட்கார்டில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் டவுன்காரத் திமிரோடு, "இதென்னாண்ணே, நம்ம ஆளுங்களுக்கு முதுகெலும்பே கெடயாதா?" என்று கேட்டேன். கருப்பையா கொடியை உதறி மறுபடி விரித்தார்.

ஒன்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் அவர் கெட்டிக்காரக் கொடிக்காரர் ஆகிவிட்டார். கவ்வாத்து வெட்டுகிறவரின் கண் அது. எந்தக் கார் வளைவில் பிடி விட்டுச் சறுக்கப்போகிறது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்து மஞ்சளைத் தூக்கிவிடுவார். வேறு தோட்டத்துத் துரைமாருக்கு நீலமும் காட்டிப் பழகிவிட்டார். தன் பெரிய துரைக்கு மட்டும் காட்ட வேண்டிய தேவை வரவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது.

4. எருமை வளைவு

அந்தப் பெரிய துரைதான் கிளப்பின் தலைவர். நம் நாட்டவர்தான். வெள்ளைக்காரர் போகும்போது விட்டுப்போன தொப்பி, பைப், நாய், கோபம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டவர். அவருடைய காருக்கு எப்போதும் ஒன்றாம் நம்பர். அந்தப் பெரிய பழைய கார் நேர்ப் பாதையில் பாயும், வளைவில் கப்பல் திரும்புகிற மாதிரித் திரும்பும். ஆனாலும் மூன்று வருஷமாகக் கோப்பை அவருக்குத்தான். ரேஸ் ஓடியவர்களில் பாதிப்பேர் சின்னத் துரைமார், பெரிய துரைமாருக்குக் கீழே வேலை பழகும் உதவியாளர்கள். அவர்கள் தேறுவார்களா மாட்டார்களா என்று மேலே ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இவரும் இவருடைய சேக்காளிகளும். பிறகு யார் முந்துவார்கள்?

அந்த வருஷம் கொழும்பிலிருந்து அவருடைய தோட்டத்துக்கே ஒரு புதிய சின்னத் துரை வந்தார். இளம் சிங்களப் பையன், ரிப்போர்ட் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய சின்னக் காரின் எஞ்சினை நான்தான் பிரித்து டியூன் செய்தேன். துரைமார் பழகுகிற தமிழில் கட்டளை மட்டும்தான் உண்டு. அவரும் அதில்தான் பேசினார்.

"ராசு, நான் முன்னால போறது. பெரிய தொர வழி விடாது. நீ நீலக் கொடி காட்டு. சரியா?"

"காட்டுவோங்க சார்" என்றேன்.

முந்துவதென்றால் அவர் எருமை வளைவில்தான் முந்துவார் என்று எனக்குத் தெரியும். அது கருப்பையாவின் போஸ்ட். ரேஸ் அன்று நானும் போய் அவர் பக்கத்தில் நின்றேன். நாலாவது சுற்றில் ஒன்றாம் நம்பர் வந்தது. அதன் வாலை ஒட்டிச் சின்னக் கார். கருப்பையா நீலத்தை எடுத்தார். இடுப்புவரை கை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இரண்டு கார்களும் கடந்து போய்விட்டன.

"என்னாண்ணே இது? கொடியா, கோமணத்தக் காயப்போடுறீங்களா?" என்று கத்தினேன்.

"கை வரல தம்பி."

"இப்பிடிக் குடுங்க. டவுன்காரன் எப்பிடிக் காட்டுறான்னு பாருங்க." கொடியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

அடுத்த சுற்று. ஒன்றாம் நம்பர் வந்தது. திறந்த கார். தொப்பி தெரிந்தது, பைப் தெரிந்தது. பிறகு அந்த முகம் என் பக்கம் திரும்பிப் பார்த்தது. என் கொடி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அது மட்டுமில்லை. மற்றக் கை என் தலைக்குப் போய் என் தொப்பியைக் கழற்றியது. நான் சொல்லிச் செய்ததில்லை, சத்தியமாக.

ஒரு நாளும் நான் துரைக்குக் கீழே வேலை செய்ததில்லை. ஆனால் என் அப்பா கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கார் சத்தம் கேட்டால் என் கையைப் பிடித்துக் காணுக்குள் இறக்குவார். அந்தக் காண் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பெரிய துரை பாதையின் நடுவை விடவில்லை. கொடி வரும், வழி கிடைக்கும் என்று நம்பி வந்த சின்னத் துரை வெளிப்பக்கமாக முந்தப் பார்த்தார். சக்கரம் புல்லில் ஏறியது. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் எருமைக் குட்டைக்குள் போய்ச் சாய்ந்தது. உள்ளே கிடந்த எருமைகள் எழுந்து கரையேறி, தங்கள் இடத்தில் படுத்திருப்பது என்ன என்று நின்று பார்த்தன.

கருப்பையாதான் முதலில் பாய்ந்தார். கோட்டோடு சேற்றில் இறங்கி, சின்னத் துரையைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் போட்டார். தோள் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. சேறு வழியச் சின்னத் துரை சிங்களத்தில் சொன்ன வார்த்தைகளைப் பிள்ளைகள் படிக்கும் கட்டுரையில் எழுத முடியாது. வழக்கம்போல் கோப்பையைப் பெரிய துரையே வாங்கினார்.

5. ஆபீஸ் ஜன்னல்

இரண்டு நாள் கழித்துப் பெரிய துரையின் தோட்ட ஆபீசில் விசாரணை. தோட்டத்து ஆட்கள் ஆபீசுக்கு உள்ளே போகிற வழக்கமில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். உள்ளே பெரிய துரை, கிளப் செயலாளரான இன்னொரு துரை, கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சின்னத் துரை, பேனாவோடு பெரிய கிளாக்கர். வெளியே கருப்பையா, நான், ஹமீது நானா.

வரும் வழியிலேயே நானா என்னிடம் சொல்லியிருந்தார். "ராசு, வாயத் தொறக்காத. ஒன்ட வேலயும் போகும், ஏன்ட கொந்தராத்தும் போகும்."

விஷயம் எளிதானது. நீலக்கொடி காட்டியும் வழி விடவில்லை என்றால் குற்றம் பெரிய துரையுடையது. கொடியே காட்டவில்லை என்றால் குற்றம் கொடிக்காரனுடையது. பெரிய துரைக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

"கருப்பையா, உன் போஸ்ட். நீலக் கொடி காட்டினதா, இல்லையா?"

"இல்லீங்க தொர."

அவ்வளவுதான் சொன்னார். மேஸ்திரி பிடுங்கினார் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

பெரிய துரை கிளாக்கரிடம், "பத்துச்சீட்டு எழுது" என்றார்.

பத்துச்சீட்டு என்றால் இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டத்தை விட்டு வெளியே போ என்கிற சீட்டு. வேலை போகும். வேலையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். வேறு தோட்டத்தில் அந்தச் சீட்டைப் பார்த்தால் சேர்க்கவும் மாட்டார்கள். ஐந்து பிள்ளைகளோடு அந்த மனிதர் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கிளாக்கரின் பேனா கிறீச் கிறீச்சென்று ஓடுவது எனக்குக் கேட்டது. என் வீடு, குழந்தை, நானாவின் கொந்தராத்து எல்லாம் தலைக்குள் ஓடியது. கருப்பையாவின் கோட்டில் குட்டைச் சேறு இன்னும் காயாமல் இருந்தது.

"தொர, கொடி என் கையில இருந்துச்சுங்க" என்றேன்.

ஹமீது நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"உன் கையில? நீ ஏன் காட்டல?"

என்ன பொய் சொல்வது என்று தேடினேன். கிடைக்கவில்லை. "தொரைக்கு எப்பிடிங்க தள்ளிப் போன்னு காட்டுறது? தூக்கத்தான் போனேன். தொர என்னையப் பாத்தீங்க. கை கீழ போயிருச்சு."

செயலாளர் துரை பக்கென்று சிரித்துவிட்டார். சின்னத் துரையும் சிரிக்கப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார். பெரிய துரையின் முகம் சிவந்தது. நான் அவருடைய ஆள் இல்லை, எனக்கு அவர் சீட்டு எழுத முடியாது. ஆனால் தலைவர் வந்தால் கொடி இறங்கிவிடும் என்பதை இன்னொரு துரை காதில் கேட்டாகிவிட்டது, இனி அன்றே சீட்டைக் கொடுத்து விரட்டினால் அவருக்குத்தான் கேவலம்.

"உன் கொடி நீ ஏன் இவன்கிட்ட குடுத்தது?" என்று கருப்பையாவிடமே திரும்பினார். "அடுத்த ரேஸ். அதே போஸ்ட். கொடி காட்டணும். காட்டல, சீட்டு." கிளாக்கர் எழுதியதில் கையெழுத்துப் போட்டார். தேதி மட்டும் போடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

ஆபீசை விட்டு நடக்கும்போது ஹமீது நானா, "ஒனக்கு மூள இல்ல. ஆனா நீ பேசாம இருந்திருந்தா நாளைக்கி ஒன்ட மூஞ்சப் பாத்து நான் வேல சொல்ல ஏலாது" என்றார். கருப்பையாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "முதுகெலும்பு எங்க போச்சு தம்பி?" என்று கேட்டார். முதல் பயிற்சி நாளில் நான் கேட்டதை இத்தனை நாளும் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

6. ஹேவாஹெட்ட முறை

அடுத்த ரேஸ் வரை கருப்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவர் மனைவி சொன்னார். காட்டினால் துரையின் முகத்தில் அடித்தது போல. காட்டாவிட்டால் லாச்சி. நான் நாளுக்கொரு யோசனை சொன்னேன். வேறு தோட்டத்து ஆளை நிறுத்தலாமா? முடியாது, அதே போஸ்ட், அதே ஆள் என்று துரை சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டால்? போட்டுப் பார்த்தோம், துரை கறுப்பாகத் தெரிந்தார்.

வழியைக் கண்டுபிடித்தது கருப்பையாதான். பயிற்சி நாளன்று வளைவில் நின்று, வருகிற கார்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, நீங்க பாருங்க. நான் பாக்க மாட்டேன். நம்பரச் சொல்லுங்க, நான் தூக்குறேன். தொரயக் கண்டாத்தானே கை நிக்குது? நம்பருக்கு எதுக்கு நிக்கப் போவுது?"

"கார் சறுக்கி மேல வந்தா?"

"கோட்டப் புடிச்சுக்கிட்டே நில்லுங்க. வந்தா இழுங்க."

எண்பது மைல் வேகத்தில் வரும் காருக்கு முதுகைக் காட்டி ஒருவர் நிற்பதென்றால் அவருடைய உயிர் முழுக்க என் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. இதற்கு முன் அந்தக் கையை நம்பி என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கோட்டு வாலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ரேஸ் அன்று மூன்றாவது சுற்று. சின்னத் துரையின் தோள் ஆறியிருந்தது, திமிர் அப்படியே இருந்தது. ஒன்றாம் நம்பருக்குப் பின்னாலேயே வந்தார். நான் தொப்பியைப் பார்க்கவில்லை, பைப்பைப் பார்க்கவில்லை. காரின் மூக்கில் வெள்ளை வட்டத்துக்குள் இருந்த எண்ணை மட்டும் பார்த்தேன்.

"ஒண்ணு! நீலம்!"

கருப்பையா இரண்டு கையாலும் கொடியைத் தலைக்கு மேல் தூக்கி, பேயோட்டுகிறவர் மாதிரி வீசினார். பெரிய துரை கண்டது என்ன என்று நினைத்துப் பாருங்கள். தன்னுடைய பழைய கட்டம்போட்ட கோட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தள்ளிப் போ என்று தனக்கே கொடி வீசுகிறது. காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க மறந்துவிட்டார் போல. ஒன்றாம் நம்பர் ஒதுங்கியது. சின்னக் கார் சர்ரென்று உள்பக்கமாகப் போய்விட்டது. கோட்டு வாலைப் பிடித்திருந்த என் விரல்கள் அரை மணி நேரம் நிமிரவில்லை.

கோப்பை சின்னத் துரைக்குப் போனது. பெரிய துரை காரை நிறுத்திவிட்டு நேராக எங்கள் போஸ்டுக்கு நடந்து வந்தார். பின்னால் செயலாளர் துரை.

"எனக்குக் கொடி காட்டினது யார்?"

கருப்பையா கையைக் கட்டிக்கொண்டு, "யாருக்குன்னு நான் பாக்கலீங்க தொர" என்றார்.

பெரிய துரை என்னைப் பார்த்தார். "நான் காட்டலீங்க தொர" என்றேன்.

இரண்டும் உண்மை. பார்த்தவன் காட்டவில்லை, காட்டியவன் பார்க்கவில்லை. செயலாளர் துரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. பெரிய துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு காருக்குத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு எல்லாப் போஸ்டிலும் இரண்டு பேரை நிறுத்தினோம். ஒருவர் வரும் காரைப் பார்க்க, ஒருவர் கொடி காட்ட. கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் இதைப் பார்த்து அசந்துபோய், "மிகவும் பாதுகாப்பான ஏற்பாடு. எந்த நாட்டு முறை இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹமீது நானா கொஞ்சமும் சிரிக்காமல், "ஹேவாஹெட்ட" என்றார். அவர் அதை ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு போனார்.

லாச்சி

பிளேன் பிட்டியவில் ரேஸ் நின்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். டயர் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றது. பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாளில் அதை வட்டமாகச் சுற்றி எரிக்க யாருக்கும் முகம் இல்லை. கடைசியில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரைமார் ஒவ்வொருவராகப் போனார்கள். துரை இல்லாமல் துரைமார் கிளப் எப்படி நடக்கும்? பலகைகளை ஊர்க்காரர்கள் விறகுக்குக் கொண்டுபோனார்கள். மிளகாயும் நெல்லும் திரும்பி வந்தன. எருமைகள் போகவே இல்லை.

பெரிய துரை தோட்டத்தை விட்டுப் போகிற நாளில், அவருடைய டிரைவர் முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டதால், காரைக் கண்டிக்கு ஓட்டி வர ஹமீது நானா என்னை அனுப்பினார். அதே ஒன்றாம் நம்பர் கார்தான். ஆபீசில் பெரிய கிளாக்கர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். லாச்சியின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற கருப்பையாவைக் கூப்பிட்டு, கையில் கொடுத்தார்.

கையெழுத்தோடு, தேதியில்லாமல், அந்தப் பத்துச்சீட்டு. ரேஸ் முடிந்ததும் அதைக் கிழித்துப் போட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அத்தனை வருஷமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. எந்தக் காலையிலும் ஒரு தேதியைப் போட்டால் போதும்.

"இது கெடந்தது ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியாம என்னா? ஒவ்வொரு நாளும் பெரட்டுக்குப் போவும்போது அந்த ஜன்னலப் பாத்துட்டுத்தான் போவேன்." காலையில் வேலை பிரிக்கிற இடத்தைத்தான் பெரட்டு என்பார்கள். சீட்டை மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அப்போதுதான் மழை பிடித்தது.

பத்து நிமிஷம் கழித்து, காரின் துணிக் கூரையை இழுத்து மூடி, பெரிய துரையைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு நான் கீழே இறங்கினேன். ஆட்கள் வழக்கம்போல் காணுக்குள் இறங்கி, குடையை மடக்கி, நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசித் திருப்பத்தில் கருப்பையா. ரோட்டின் ஓரத்திலேயே நின்றார். காணுக்குள் இறங்கவில்லை. குடையை விரித்துப் பிடித்திருந்தார். கட்டம்போட்ட கோட்டு நனையவில்லை. இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை, காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டே வந்ததும், "போய்ட்டு வாங்க தொர" என்று மரியாதையாகவே சொன்னார்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கொடியை யாருக்குக் காட்டுகிறோம் என்று பார்த்தால் கை கீழே போய்விடும், நம்பரைப் பாருங்கள். தனியாக முடியாவிட்டால், கோட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கிறவன் விடாமல் பிடிக்க வேண்டும்.

திருப்பம் தாண்டிய பிறகு பின் சீட்டிலிருந்து பெரிய துரையின் குரல் வந்தது. "கருப்பையா குடை மடக்கல. நீ பார்த்ததா?"

"பாத்தேங்க தொர" என்றேன். "மழ பெய்யுதுங்க."